குறி தவறாக் கதிர்

மன்னர்களுக்குச் சரித்திரம் உண்டு, மகாயுத்தங்களுக்கும் உண்டு. ஒரு வைத்தியக் கருவிக்குச் சரித்திரம் உண்டா என்று பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான். அன்று நான் வெப்பமானியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வானொலி நிலையத்தார் இன்று எனக்கு அளித்திருக்கும் இந்தச் சிறு பொழுதில் அவனுக்கு உரிய விடையைச் சொல்ல முயல்கிறேன். அவன் இன்று எந்த ஊரில் இருக்கிறானோ! மாணவ நண்பர்களாகிய நீங்கள் அவனுக்குப் பதிலாகக் கேளுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், புற்று நோய் முதுகெலும்புக்குப் பரவியபோது, உடலைக் கத்தியால் திறவாமல், படத்தைப் பார்த்துக் குறி வைத்துக் கதிரைச் செலுத்தும் சிகிச்சை. தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. என்னோடு ஒரே பள்ளியில் நெடுங்காலம் கணிதம் போதித்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் முதுகு வலியால் வருந்தினார். பகலில் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி, இரவில் படுத்தால் பெருகிற்று. கரும்பலகையில் காம்பஸ் இல்லாமலே வட்டம் வரையக்கூடிய மனிதர், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இன்னொருவர் தோளை நாட வேண்டியதாயிற்று. பிராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்று, இடுப்புக்குச் சற்று மேலே உள்ள இரண்டு முள்ளெலும்புகளில் குடியேறியிருக்கிறது என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அப்பொழுதுதான் நான் இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

முதுகெலும்பு என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் 33 எலும்புகளின் வரிசை. அவற்றுள் கீழ்க்கோடியில் உள்ள 9 எலும்புகள் வயது வந்தோரிடம் ஒன்றோடொன்று பிணைந்து போயிருக்கும். மேலே உள்ள 24 எலும்புகள் தனித்தனியே அசையும். இந்த அடுக்கின் நடுவே ஒரு குழாய்போல் வழி இருக்கிறது. அவ்வழியே மூளையிலிருந்து இறங்கி வருவது தண்டுவடம். நம்முடைய சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். நடப்பதும் நிற்பதும் மலஜலம் அடக்குவதும் இந்தச் சிறு வடத்தின் தயவால் நடைபெறுகின்றன. எலும்பில் வளரும் புற்றுக்கும் இந்த வடத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரமே உண்டு. நான் சொல்லப் போகும் சரித்திரம் முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டரைப் பற்றியது.

புற்று ஏன் முதுகெலும்பைத் தேடிப் போகிறது? 1889-ஆம் ஆண்டில் லண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். இரத்தம் எல்லா உறுப்புக்கும் ஓடுகிறது. ஆயினும் கல்லீரலில் புற்று அடிக்கடி பரவியிருக்க, மண்ணீரலில் அபூர்வமாகவே பரவியிருந்தது. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் முடிவு கட்டினார். நம் ஊர்க் குடியானவர் யாரும் இதை ஒரு கண்டுபிடிப்பு என்று ஒப்ப மாட்டார். வைத்திய உலகமோ இன்றளவும் அதைக் கொண்டாடுகிறது. பின்னர் 1940-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் ஆஸ்கார் பேட்சன் என்ற உடற்கூற்றுப் பேராசிரியர், முதுகெலும்பைச் சுற்றிலும் பின்னிக் கிடக்கும் சிரைகளை ஆராய்ந்தார். அந்தச் சிரைகளில் தடுக்கிதழ்கள் இல்லை. ஆகவே இருமினாலும் முக்கினாலும் இரத்தம் எதிர்த் திசையிலும் ஓடும். இடுப்பில் தோன்றிய புற்று, நுரையீரலைத் தொடாமலே முதுகெலும்பை அடையும் குறுக்கு வழி இதுதான் என்று அவர் காட்டினார். என் நண்பருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவாகவே இருக்கக்கூடும்.

இனிக் கதிர். ஜெர்மனியில் உவூர்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி. இதை நீங்கள் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அடுத்த ஆண்டே மருத்துவர்கள் சிலர் அதை நோயாளிகள்மேல் பிரயோகிக்கத் துணிந்துவிட்டார்கள். கதிரின் குணம் தெரியாமல் அதைக் கையாண்டவர்கள் பலர் விரல்களை இழந்தார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனைத் தோட்டத்தில் 1936-ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட ஒரு நினைவுக் கல்லில், இவ்வாறு மாண்ட பல தேசத்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கதிரின் தொல்லை என்னவெனில், அது உள்ளே இருக்கும் புற்றை அடையுமுன் வழியில் இருக்கும் தோலையும் தசையையும் சுட்டுவிடுகிறது. இதற்கு ஓர் உபாயம் பாரிஸ் நகரில் பிறந்தது. ஆட்டுக்கிடாயின் உபயம் என்றும் சொல்லலாம். குளோட் ரெகோ என்பவர் கிடாய்களின் விதைகளைக் கதிரால் மலடாக்கிப் பார்த்தார். ஒரே தடவையில் முழு அளவையும் கொடுத்தால் மேல்தோல் வெந்துபோயிற்று. அதையே பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தால் மலட்டுத் தன்மை வந்தது, தோல் பிழைத்துக்கொண்டது. வேகமாகப் பெருகும் அணுக்களுக்குத் தப்ப வழி இல்லை, மெதுவாகப் பெருகும் அணுக்களுக்கு இடைவேளையில் தேறிக்கொள்ள அவகாசம் உண்டு என்பது கருத்து. அவருடைய சகாவான ஹென்றி கூத்தார் 1920-களில் தொண்டைப் புற்று நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். அதிலிருந்து, கதிர் என்றால் சிறிது சிறிதாக, பல நாள் என்பது விதியாயிற்று. 1951-இல் கனடாவில் கோபால்ட் இயந்திரம் வந்தபோதும், 1953-இல் லண்டனில் மின்னணுக்களை முடுக்கிக் கதிர் உண்டாக்கும் இயந்திரம் வந்தபோதும் இவ்விதி மாறவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கும் அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் சிகிச்சை வந்து சேர்ந்தது.

இந்த விதியை மீறத் துணிந்தவர் ஸ்வீடன் தேசத்து மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். அவரைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அவருக்கு முன்பே, 1908-இல் லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இருவர், குரங்கின் தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, மூளைக்குள் எந்தப் புள்ளியையும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அளவுகளால் குறிக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். வரைபடத் தாளில் நீங்கள் புள்ளி வைக்கிறீர்களே, அதே கணக்குத்தான். ஓர் அச்சு கூடுதல். 1947-இல் பிலடெல்பியாவில் மனிதர்களுக்கும் அப்படி ஒரு சட்டம் செய்தார்கள். லெக்செல் 1949-இல் தம்முடைய சொந்தச் சட்டத்தை அமைத்தார். அது அரைவட்ட வில் ஒன்றை உடையது. வில்லின் எந்த இடத்திலிருந்து ஊசியைச் செலுத்தினாலும் அது மையத்துக்கே போய்ச் சேரும். வட்டத்தின் ஆரங்கள் எல்லாம் மையத்தில் கூடும் என்ற பால பாடத்தைத் தவிர அதில் வேறு மாயம் இல்லை.

ஊசிக்குப் பதிலாகக் கதிரை அனுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. ஒரே கதிர் பலமாக வந்தால் வழியெல்லாம் சுடும். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள் வந்து ஒரு புள்ளியில் கூடினால், வழியில் ஒன்றும் ஆகாது. கூடும் இடத்தில் மட்டும் முழு வலிமையும் இருக்கும். எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மின்சாரம் நின்றுபோன ஒரு சமயம், கொட்டகையின் எல்லா மூலைகளிலிருந்தும் பையன்கள் கை விளக்குகளை மேடையில் நின்ற அரிச்சந்திரன் முகத்தை நோக்கிப் பிடித்தார்கள். ஒவ்வொரு விளக்கும் மின்மினிதான். அரிச்சந்திரன் மட்டும் கண் கூசி நின்றான். லெக்செல் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இம்முறைக்குக் கதிர் அறுவை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். தோல் சுடாது என்றால் பல நாள் பிரித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? ஒரே அமர்வில் முடித்துவிடலாம் அல்லவா? ரெகோவின் விதி இவ்வாறு ஓர் இடத்தில் தளர்ந்தது.

முதலில் எக்ஸ் கதிர்க் குழாயையே வில்லில் மாட்டிப் பார்த்தார். பிறகு உப்சாலா நகரத்துப் பௌதிக விஞ்ஞானி பெரியே லார்சனோடு சேர்ந்து, அங்கிருந்த பெரிய சைக்கிளோட்ரான் இயந்திரத்திலிருந்து புரோட்டான் கற்றையைப் பயன்படுத்தினார். அந்த இயந்திரமோ ஆஸ்பத்திரிக்குள் அடங்காதது. கடைசியில் 179 சிறு கோபால்ட் மூலங்களை ஒரு கனத்த உலோகக் கூட்டுக்குள் பதித்து, அத்தனை கதிர்களும் ஒரு புள்ளியில் கூடும்படி அமைத்தார். ஸ்டாக்ஹோம் நகரில் 1968-இல் அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. காமாக் கத்தி என்று இன்று உலகெங்கும் அதைச் சொல்கிறார்கள். அவர் அதை முதலில் நினைத்தது புற்று நோய்க்காக அன்று. தீராத வலியையும் உறுப்புகளின் நடுக்கத்தையும் போக்குவதற்காகவே என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இந்த வித்தை கழுத்துக்கு மேலே மட்டும் பலித்தது. மண்டையோடு ஒரே கெட்டியான கூடு. அதில் திருகாணி போட்டுச் சட்டத்தை மாட்டினால் மூளை அசையாது. முதுகெலும்புக்கு எதை மாட்டுவது? அது வளையும், மூச்சு விட்டாலும் சிறிது நகரும். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அரிசோனாப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஒரு கடுமையான வழியை மேற்கொண்டார்கள். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, முதுகைச் சிறிது கீறி, முள்ளெலும்பின் முனைகளையே இடுக்கியால் பற்றி, ஒரு சட்டத்தோடு பிணைத்துக் கதிர் செலுத்தினார்கள். அவர்கள் அறிக்கையில் கண்ட நோயாளிகள் ஐவர். எல்லாரும் முன்பே கதிர்ச் சிகிச்சை பெற்று வேறு வழியற்றவர்கள். கத்தியைத் தவிர்க்கவென்று பிறந்த சிகிச்சைக்குக் கத்தியே வாயிற்காவலாக நின்றது விசித்திரம். எனினும், முதுகெலும்பையும் இம்முறையில் குறி வைக்கலாம் என்று முதன்முதலில் நிறுவியவர்கள் அவர்களே.

சட்டமே வேண்டாம் என்று சொன்னவர் ஜான் ஆட்லர். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மூளை அறுவை மருத்துவரான அவர், 1980-களின் நடுவில் ஸ்டாக்ஹோம் சென்று லெக்செலிடம் பயின்றவர். குருவின் கருவியை வியந்தார். குருவின் சட்டத்தை மட்டும் கைவிட நினைத்தார். நில அளவைக்காரர் ஒருவர் வயலில் இறங்கியதும் என்ன செய்கிறார்? வயலைக் கட்டிப்போடுவதில்லை, சர்வே கல் எங்கே என்று பார்த்து, அதிலிருந்து அளக்கிறார். அதுபோல, நோயாளியின் எலும்பையே சர்வே கல்லாகக் கொள்வது ஆட்லரின் எண்ணம். 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்ற பொறியாளரின் முயற்சியால் தோன்றிய ஸ்கேன் படம் இதற்கு அடிப்படையாயிற்று. சிகிச்சைக்கு முன்பே உடலை ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் எலும்பு எப்படித் தெரியும் என்று கணிப்பொறி படங்களைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். சிகிச்சையின்போது இரண்டு எக்ஸ் கதிர்க் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக நோயாளியைப் படம் பிடிக்கும். பழைய படமும் புதிய படமும் ஒப்பிடப்படும். நோயாளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், மோட்டார் கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்வதைப் போன்ற ஓர் இயந்திரக் கை, தன் நுனியில் தாங்கிய கதிர்க் கருவியை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளும்.

சொல்லும்போது எளிது. 1990-இல் இதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கிய ஆட்லர் பணத்துக்குப் பட்ட பாடு பெரிது. முதல் நோயாளிக்கு 1994-இல் சிகிச்சை நடந்தது. 1999-இல் தலைப் பகுதிக்கும், 2001-இல் உடல் முழுமைக்கும் அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. ஆரம்பத்தில் முள்ளெலும்பில் அடையாளத்துக்காகச் சிறு உலோகத் துண்டுகளைப் பதிக்க வேண்டியிருந்தது. பிறகு எலும்பின் உருவமே போதும் என்றாயிற்று.

வேறொரு வழியையும் அதே காலத்தில் கண்டார்கள். டெட்ராய்ட் நகரத்து ஹென்றி போர்டு மருத்துவமனையில் சாமுவேல் ரியூவும் அவருடைய தோழர்களும் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, முதுகெலும்புக்குப் பரவிய புற்றுடைய 10 பேரைப் பற்றியது. அவர்கள் கையாண்ட கருவியில், கதிர் வெளிவரும் வாயிலை மெல்லிய உலோகத் தகடுகள் மறைத்தும் திறந்தும் வேண்டிய வடிவம் தரும். அதனால் கதிரின் வலிமை குதிரை லாடம்போல் வளைந்து, எலும்பை நிரப்பித் தண்டுவடத்தை மட்டும் நடுவில் விட்டுவிடும். குறியின் பிழை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிற்று. பிட்ஸ்பர்க் நகரத்தில் கெர்ஸ்டன் முதலியோர் 2007-இல் 500 முதுகெலும்புப் புற்றுகளுக்கு அளித்த சிகிச்சையைத் தொகுத்தார்கள். வலியோடு வந்தவர்களில் 100-க்கு 86 பேருக்கு நீடித்த குணம் தெரிந்தது என்றது அந்த அறிக்கை.

இங்கே கிரே என்ற அளவைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோகிராம் உடற்பொருள் ஒரு ஜூல் சக்தியை ஏற்றால் அது ஒரு கிரே. எட்டு கிரே என்றால் பெரிய வெப்பம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினாலும் தசையின் சூடு ஒரு டிகிரியில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவே உயரும். அவ்வளவு சொற்பமான சக்தி, அணுக்களின் மரபுப் பொருளை அறுத்துவிடுவதால் உயிரையே மாற்றிவிடுகிறது. ஒரே அமர்வில் புற்றுக்கு 16, 18, 24 கிரே வரை கொடுப்பார்கள்; தண்டுவடமோ 10 முதல் 13 கிரேக்கு மேல் தாங்குமென்று நம்ப இயலாது. தாண்டினால் கால்கள் செயலிழக்கக்கூடும். எலும்புக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை: 24 கிரே அளவில் சிகிச்சை பெற்ற முள்ளெலும்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நொறுங்கின அல்லது முன்னைய முறிவு முற்றிற்று என்று 2009-இல் நியூயார்க்கிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. கத்தியும் சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. புற்று தண்டுவடத்தையே நெரிக்கும் நிலையில் உள்ள 101 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2005-இல் வெளிவந்தது. அறுவையும் கதிரும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 84 பேர் நடந்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 பேரே நடந்தார்கள்.

இவற்றையெல்லாம் அரைகுறையாகப் படித்துவிட்டு நான் என் நண்பர் வீட்டுக்குப் போனேன். புதிய இயந்திரம் உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று அவருடைய மகனிடம் வற்புறுத்தினேன். பெருந்தொகை வேண்டும். தாத்தா காலத்து நிலம் ஒன்றரை ஏக்கரை ஈடு வைக்க மகன் தயாரானார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் மருத்துவரிடம் போனோம். இளவயதினர்; என் மாணவனாக இருந்திருக்கலாம். “ஐயா, புதியது எல்லாருக்கும் நல்லது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லையே” என்று தொடங்கினார் அவர்.

அவர் சொன்னது இது. எந்தச் சிகிச்சை மேல் என்று அறிய, நோயாளிகளைத் திருவுளச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 229 பேரிடம் அப்படிப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டே அமர்வில் 24 கிரே குறி வைத்துப் பெற்றவர்களில் 100-க்கு 35 பேருக்கு மூன்று மாதத்தில் வலி முற்றிலும் நீங்கியிருந்தது. பழைய முறையில் ஐந்து அமர்வில் 20 கிரே பெற்றவர்களில் 14 பேருக்குத்தான் அப்படி. இது புதியதன் வெற்றி. ஆனால் அமெரிக்காவில் 339 பேரிடம், ஒரே அமர்வில் 16 அல்லது 18 கிரே என்ற கதிர் அறுவையையும், ஒரே அமர்வில் 8 கிரே என்ற பழைய எளிய சிகிச்சையையும் ஒப்பிட்டு 2023-இல் முடிவை அச்சிட்டார்கள். மூன்று மாதத்தில் வலி நன்கு குறைந்தவர்கள் கதிர் அறுவையில் 100-க்கு ஏறத்தாழ 41 பேர். எளிய சிகிச்சையில் ஏறத்தாழ 60 பேர். அந்தச் சோதனையை முன்னின்று நடத்தியவர், இருபது ஆண்டுகளுக்கு முன் டெட்ராய்ட் நகரில் இம்முறையை வளர்த்த அதே ரியூ. தம் கையால் வளர்த்த மரம் இந்தப் பருவத்தில் காய்க்கவில்லை என்று அவரே எழுதி வெளியிட்டார். சரித்திர ஆசிரியனாகிய எனக்கு, மன்னர்களின் மெய்க்கீர்த்திகளை நினைத்துப் பார்க்கையில் இது புதுமையாக இருந்தது.

இரண்டு சோதனைகளும் முரண்படுகின்றனவே என்று நான் கேட்டேன். அளவு வேறு, அமர்வுகள் வேறு; ஒன்றில் வலி அடியோடு நீங்கியதைக் கணக்கிட்டார்கள், மற்றொன்றில் பத்தில் மூன்று புள்ளியாவது குறைந்ததைக் கணக்கிட்டார்கள் என்றார் மருத்துவர். பழைய கதிர் பெற்ற இடத்திலேயே புற்று மீண்டும் தலையெடுத்தால், அல்லது சாதாரணக் கதிருக்கு அசையாத புற்றாக இருந்தால், தண்டுவடத்தைக் காத்துக்கொண்டு மறுபடி கதிர் செலுத்த இந்தப் புதிய கருவியே துணை என்றும் சொன்னார். என் நண்பரின் நிலைமை அதுவன்று. அவர் வேண்டுவது இரவில் தூக்கம். அதற்கு 8 கிரே, ஒரு காலைப்பொழுது, அரசினர் மருத்துவமனையிலேயே போதும். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மகன் நிலப்பத்திரத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

சிகிச்சை நாளில் நண்பரும் நானும் விடியற்காலையிலேயே போய் வரிசையில் அமர்ந்தோம். நேரம் போக, லெக்செலின் கதையை அவருக்குச் சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அவர் ஒரு வட்டம் வரைந்து, மையத்தை நோக்கிக் கோடுகளை இழுக்கத் தொடங்கினார். கை சிறிதும் நடுங்கவில்லை. “எத்தனை கதிர் என்று சொன்னீர்கள், ஹெட்மாஸ்டர்?” என்றார். 179 என்றேன். பென்சிலை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“அது பகா எண்ணாயிற்றே! வட்டத்தை 180 ஆகப் பிரித்தால் பாகத்துக்கு இரண்டு டிகிரி, கணக்கு எவ்வளவு சுலபம்! அந்த மனிதர் ஏன் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்?”

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பற்றி எழுந்து, அவர் உள்ளே போனார்.